சிமெண்ட்டில் இறங்கிய டகோட்டா

"அந்த சீட்டுல ஆள் இருக்குங்க."

சொன்னவனை முறைத்தாள் சிந்து. அவன் காட்டிய சீட்டில் ஆள் இல்லை. ஜன்னலோரமாக ஓர் அட்டைப்பெட்டிதான் உட்கார்ந்திருந்தது.

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஐப்பசி மழை கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்துவிட்டு, தோளில் கேமரா பையும் கையில் லைட் ஸ்டாண்டுமாக ஓடி வந்து பெரம்பலூர் பஸ்ஸில் ஏறியிருந்தாள். துப்பட்டாவைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும். பஸ்ஸில் பாக்கி இருந்த ஒரே இடம் அதுதான்.

"ஆளுன்னா... பொட்டியா?"

"டிக்கெட் எடுத்திருக்கேன்ங்க. ரெண்டு."

"பொட்டிக்கு டிக்கெட்டா!"

கண்டக்டர் செல்லக்கண்ணு கூட்டத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "எடுத்திருக்காரும்மா. வேணாம் சார், மேல வச்சிக்கலாம்னேன். கேக்கலியே. பொட்டி பேரு என்னன்னு கேட்டேன், அதுக்குக் கோச்சுக்கிறாரு."

பஸ் சிரித்தது. அவனுக்குக் காது சிவந்தது.

"சரி, உங்க பொட்டி எங்க எறங்குது? அங்க உக்காந்துக்கிறேன் நான்."

"பெரம்பலூருங்க..."

"வெளங்கிரும். நானும் அங்கதான்."

அவன் எழுந்தான். "நீங்க என் சீட்ல உக்காருங்க. ஆனா..."

"என்ன ஆனா?"

"பொட்டிய ஒரு கையால புடிச்சிக்கிங்க. பிரேக் போட்டா நகந்துரும்."

உள்ளே என்ன குதிரை முட்டையா? உட்கார்ந்த கையோடு கேட்டேவிட்டாள். அவன் தயங்கினான்... பிறகு குனிந்து, குழந்தை மேலிருந்து போர்வையை விலக்குகிறவன் போல மூடியை விலக்கினான்.

விமானம்.

பொம்மை என்று சொல்ல வாய் வரவில்லை. முழங்கை நீளத்தில் ஒரு டகோட்டா, உலகப்போர்க் காலத்து விமானம். இரண்டு என்ஜின், உருண்டை மூக்கு, வெயிலில் வெளுத்த பச்சை வர்ணம். சக்கரங்கள் கனம் தாங்காமல் பிதுங்கியதுபோல அடியில் தட்டையாக இருந்தன. என்ஜினுக்குப் பின்னால் இறக்கை மேல் எண்ணெய் வழிந்து காய்ந்த கறை.

"அழுக்கா இருக்கே... தொடைக்கலியா?"

"செய்யப் பதினோரு மாசம்ங்க. அதுல அழுக்காக்க மட்டும் மூணு மாசம் ஆச்சு."

அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். மழையில் நனைந்த முகம். ஆனால் இமை மயிரில் மட்டும் சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் ஒட்டியிருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் போகாத தூள்... சிமெண்ட். அதற்குக் கீழே இரண்டு கண்கள், பெட்டிக்குள்ளேயே லயித்து, சுற்றி நாற்பது பேர் இருப்பதை மறந்து...

இப்படி ஒருத்தன் நம்மைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

சீ, என்ன நினைப்பு இது!

அவன் பெயர் ராஜராஜன். விக்கிரமங்கலத்துக்காரன். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை.

"பேரு பெருசு, விமானம் சின்னது," என்றாள்.

"எழுபத்திரண்டுல ஒரு பங்குங்க." கேலியைக்கூட அளவெடுத்துத்தான் வாங்கிக்கொண்டான். "பெங்களூருல மியூசியத்துக்கெல்லாம் விமான மாடல் செய்யிற பட்டறை ஒண்ணு இருக்கு. வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. மொதல்ல போட்டோ அனுப்பணும், அப்புறம் விமானத்தையே கையில கொண்டு போய்க் காட்டணும். அரியலூருல ஒருத்தர் எடுத்தாரு, பொம்மைக் கடை நோட்டீஸ் மாதிரி வந்திருக்கு. பெரம்பலூருல அழகேசன் ஸ்டூடியோவுல ஒரு அம்மா நல்லா எடுப்பாங்களாம்..."

"அந்த அம்மா நான்தான்."

பிரேக் போட்டார் டிரைவர். இரண்டு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் பெட்டியைப் பிடித்தன.

*

ஸ்டூடியோவின் மொட்டை மாடி. மேற்கே தூரத்தில் பச்சைமலை ஒரு நீலக் கோடு.

ஒரு பலகையைப் பெஞ்சு மேல் வைத்து, அதன் விளிம்பும் மலையின் அடியும் ஒட்டிக்கொள்கிற மாதிரி கேமராவை இறக்கினால், பலகை மைதானமாகிவிடும். மலை நிஜம், வானம் நிஜம்... நடுவில் நிற்கும் விமானமும் நிஜமாகிவிடும்.

"இன்னும் எறக்குங்க," என்பான். "இதுல ஏறுற மனுசன் என் சுண்டு விரல்ல பாதி. அவன் கண்ணு மட்டத்துல பாக்கணும்."

பெஞ்சு உயரம் என்று பலகையைத் தரையில் வைத்தார்கள். தரை பள்ளம் என்று கைப்பிடிச் சுவர் இல்லாத மேற்கு ஓரத்துக்கு நகர்த்தினார்கள். கடைசியில் இரண்டு பேரும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குப்புறப் படுத்துக் கிடந்தபோது, அவள் அப்பா அழகேசன் டீயோடு மேலே வந்தார்.

"என்னப்பா, தோடு கீடு தொலைஞ்சு போச்சா?"

விமானத்தின் வயிற்றுக்கு அடியில் இரண்டு ஜோடிக் கண்கள் சந்தித்துக்கொண்டன. சிரிப்பை அடக்கிக்கொண்டு... அடக்க முடியாமல்...

முதல் ஞாயிறு அவன் சுண்ணாம்புக்கல் தூள் கொண்டுவந்து பரப்பினான். படத்தில் பாலைவனம் மாதிரி பளீரென்று அடித்தது. இரண்டாம் ஞாயிறு சிமெண்ட்டையே சலித்துக் கொண்டுவந்தான். அரை விரல் கனத்துக்குத் தட்டி, அதன் மேல் டகோட்டாவை வைத்து லேசாக அழுத்தினான். சக்கரம் ஒரு நூல் அளவு பதிந்தது.

"ஆயிரக்கணக்கான கிலோ நிக்குதுன்னு கண்ணு நம்பணும்ல?"

"சோதனைக்கூடத்துலயும் இப்படித்தான் வெளயாடுவீங்களா?"

"அங்க கட்டி கட்டியா வார்த்துத் தண்ணியில போட்டு வைப்போம். இருபத்தெட்டு நாள் கழிச்சு எடுத்து ஒடச்சுப் பாப்போம். அப்பத்தான் முழு பலம் தெரியும். அதுவரைக்கும் அவசரப்படக் கூடாது."

"பொறுமைசாலிதான்."

"சம்பளமே அதுக்குத்தானுங்க."

மூன்றாம் ஞாயிறு வரும்போதே முகம் மலர்ந்து வந்தான். பட்டறையில் படங்கள் பிடித்துப்போய்விட்டனவாம். புதன்கிழமை விமானத்தோடு நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"எடுத்துக்கிட்டாங்கன்னா...?"

"அங்கேயே தங்கிர வேண்டியதுதாங்க."

நல்ல சேதிதான். "ரொம்ப சந்தோசம்ங்க" என்றாள். தன் குரல் தனக்கே போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்பு மாதிரிக் கேட்டது.

"நேருல போறப்ப காட்ட, நாளைக்குக் காலை வெயில்ல ஒரே ஒரு படம் எடுத்துருங்க. அசைக்க வேணாம், இந்தச் சக்கரப் பதிவு கலைஞ்சா மறுபடி அமையாது." ஒரு பிளாஸ்டிக் தொட்டியை எடுத்து விமானத்தின் மேல் கவிழ்த்தான். "செவ்வாக்கெழமை வந்து வாங்கிக்கிறேன். உங்கள நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்."

கடைசி வார்த்தையைச் சொல்லாமல் போயிருக்கலாம் அவன்.

*

திங்கட்கிழமை காலை வெயில் பொன்னாக விழுந்தது. சிந்து தொட்டியை எடுத்துவிட்டுக் குப்புறப் படுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது... பளபளப்பு.

கல்யாண ஜோடியை ரோட்டில் நிற்க வைத்துப் படம் எடுக்கும்போது அவள் எப்போதும் செய்கிற வேலை ஒன்று உண்டு. தரையில் தண்ணீர் அடித்து நனைப்பாள். ஈரத்தில் உருவம் விழும், படத்துக்கு உயிர் வரும். கை பழகிய பழக்கம். தண்ணீர்ப் புட்டியை எடுத்துப் புகைபோலத் தெளித்தாள்... போதவில்லை. இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்.

அவ்வளவுதான், மழை ஓய்ந்த ஓடுதளம்! டகோட்டாவின் வயிறும் பச்சைமலையும் அந்த ஈரத்தில் தலைகீழாக விழுந்தன. அவள் வாழ்க்கையில் எடுத்ததிலேயே ஆக நல்ல படம் அது.

சிமெண்ட் என்று தெரியாதா? அரியலூரைத் தாண்டித் தாண்டிப் போய் வருகிறவளுக்குச் சிமெண்ட்டைத் தெரியாதா? தெரியும். அஞ்சு நிமிஷத்தில் விமானத்தைத் தூக்கி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். கீழேயிருந்து அப்பா கூப்பிட்டார். ஒரு குடும்பமே பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து நின்றது. அது முடிய, பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு ஒரு கூட்டம்.

மாடி ஞாபகம் வந்தபோது மணி மூன்று.

இறக்கையைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். வரவில்லை. பலகையே கூட வந்தது.

அப்படியே கீழே வைத்தாள். பதினோரு மாசம்... அழுக்காக்க மட்டும் மூணு மாசம்...

போன் பண்ணிச் சொல்லியிருக்க வேண்டும். எடுத்தாள், வைத்தாள். எடுத்தாள், வைத்தாள். சாயங்காலம் தூறல் விழுந்தது. தொட்டி ஓரமாகக் கிடந்தது. ஓடிப்போய்க் கவிழ்க்கவில்லை சிந்து. மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பெய்யட்டும், நல்லாப் பெய்யட்டும் என்று...

செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். பார்த்தான். மண்டியிட்டான்.

"மழையாங்க?"

"காத்துல... தொட்டி நகந்திருச்சு போல."

விரல் நுனியால் அந்தத் தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினான். அவசரமே இல்லாமல். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். பஸ்ஸில் விமானத்தைப் பார்த்தானே, அதே கண்கள். எப்படி இருக்கும் என்று அன்றைக்கு ஏங்கினாளே... இப்போது தாங்க முடியவில்லை. மலையைப் பார்த்தாள்.

"தொட்டி மேல ஒரு கல்லு வச்சிருக்கணும் நான்," என்றான். "என் தப்புங்க."

"பேத்து எடுக்க முடியாதா?"

"சக்கரக் காலு ரெண்டும் உள்ள போயிருச்சு. பேத்தா ஒடஞ்சிரும்."

பலகையோடு தூக்கிக்கொண்டு படியிறங்கினான். வாசலில் ஒரு நொடி நின்றான், எதற்கோ காத்திருக்கிறவன் மாதிரி. அவள் வாயைத் திறக்கவில்லை. போய்விட்டான்.

அவன் போன பிறகுதான் தனக்குள் இருந்த அந்த அசிங்கத்தைக் கண்டுபிடித்தாள். அழுகை வந்தது, வெட்கம் வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், ஒரு மூலையில்... சின்னதாக ஒரு நிம்மதி உட்கார்ந்திருந்தது.

இனி அவன் பெங்களூர் போகமாட்டான்.

*

எட்டு மாசம்.

அவன் வரவில்லை. இவள் கூப்பிடவில்லை. 'கோவம் இருந்தா நேருல வந்து கேக்கட்டுமே' என்று ஒரு வீறாப்பு. 'நீ பண்ணினதுக்கு அவன் எதுக்கு வரணும்?' என்று அதன் தலையில் ஒரு குட்டு. கல்யாண வேலைகளில் தரையில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிட்டாள். "முன்ன மாதிரி பளபளன்னு இல்லியேம்மா" என்றார் அப்பா. அந்த ஈர ஓடுதளப் படம் மட்டும் கம்ப்யூட்டருக்குள் கிடந்தது. அழிக்கவும் முடியவில்லை, அச்சுப் போடவும் முடியவில்லை. அவள் பொய்க்கு அதுதானே சாட்சி!

ஆடிக் காற்று தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு முற்பகல். ஸ்டூடியோக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்தான்.

"விசாவுக்கு போட்டோ எடுக்கணும்ங்க. வெள்ளை பேக்ரவுண்டு."

ராஜராஜன்!

இமையில் அதே சாம்பல் தூள்.

"எந்த... எந்த ஊருக்கு?"

"ஓமன். அங்க ஒரு சிமெண்ட் ஆலையில லேபுல வேலை. லப்பைக்குடிக்காட்டுல நைனா முகமது பாய்தான் ஏற்பாடு பண்ணினாரு. இன்னிக்கே போய் அவருகிட்ட போட்டோ குடுக்கணும். கையெழுத்துப் போட்டாச்சு. ரெண்டு வருசம்."

பெரம்பலூரில் எத்தனை ஸ்டூடியோ! லப்பைக்குடிக்காட்டிலேயே எடுத்திருக்கலாமே... எதற்கு இங்கே வந்தான்?

முக்காலியில் உட்கார வைத்தாள். தாடையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னாள். லென்ஸுக்குள் அவன் முகம் நேராக, மிக அருகில். கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தத் தொழிலின் ஒரே சுகம் அது.

"சிரிக்கக் கூடாதுங்க. விசாவுக்கு ஒத்துக்க மாட்டாங்க."

"நான் எங்கங்க சிரிச்சேன்?"

இல்லைதான். அவன் சிரிக்கவே இல்லை.

சொல்லிவிடு சிந்து... இப்போது சொல்லிவிடு...

"எட்டு காப்பியா, பத்தா?" என்று கேட்டது வாய்.

உறையை வாங்கிக்கொண்டான். வாசல்வரை போனான். அன்றைக்கு நின்ற அதே இடத்தில் ஒரு நொடி நின்றான். பிறகு இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

மறுபடியும் அந்த ஒரு நொடி! கம்ப்யூட்டருக்கு ஓடினாள். அந்தப் படத்தைத் தேடி அச்சுக்குக் கொடுத்தாள். காகிதம் அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. வானம்... மலை... இறக்கை... ஈரம். முழுதாக வருமுன்பே இழுத்து எடுத்துக்கொண்டு தெருவில் பாய்ந்தாள்.

"எங்கம்மா ஓடுற? செருப்பு!" என்றார் அப்பா.

*

லப்பைக்குடிக்காடு பஸ் நகர ஆரம்பித்திருந்தது. தொற்றி ஏறினாள். மூன்றாவது வரிசையில் அவன். பக்கத்து சீட்டில் ஒரு ஃபைல்.

"அந்த சீட்டுல..." மூச்சு வாங்கியது. "ஆள் இருக்குங்களா?"

அவன் ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

உட்கார்ந்தாள். படத்தை அந்த ஃபைல் மேல் வைத்தாள்.

"மழை இல்லங்க. நான்தான். படம் நல்லா வரணும்னு தண்ணி தெளிச்சேன். மறந்துட்டேன். அப்புறம் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நனைந்த தரையில் தலைகீழாக விழுந்த டகோட்டாவை.

"தெரியும்ங்க."

"என்ன?"

"மழை பேஞ்சா ஈரச் சிமெண்ட்டுல சொட்டுக்குச் சொட்டு குழி விழும். அம்மைத் தழும்பு மாதிரி. அதுல ஒரு குழி இல்ல... வழவழன்னு இருந்துச்சு. தெளிச்சாத்தான் அப்படி வரும். தெனமும் இதயே பாக்குறவனுக்குத் தெரியாதாங்க?"

அன்றைக்கு அந்த விரல் தரையை ஏன் அப்படி அவசரமில்லாமல் தடவியது என்று இப்போது புரிந்தது.

"அப்ப ஏன் கேக்கல? திட்டியிருக்கலாம்ல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். வாசல்ல நின்னேன். ஒரு வாரம் பாத்தேன். இருபத்தெட்டு நாள் பாத்தேன்..." லேசாகச் சிரித்தான், சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னிக்கும் அதுக்குத்தான் வந்தேன். எட்டா பத்தான்னு கேட்டீங்க."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொண்ணு இருக்கு. அது உங்களுக்குத் தெரியாது," என்றாள் விரல்களுக்குள்ளிருந்து. "அது செட்டாயிருச்சுன்னு தெரிஞ்சப்ப... நீங்க பெங்களூர் போவ மாட்டீங்கன்னு எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. கொஞ்சூண்டு. ஆனா இருந்துச்சு. அதனாலதான் வாயத் தொறக்க முடியல. உங்க வாழ்க்கையக் கெடுத்துட்டு உள்ளுக்குள்ள சிரிச்சவ நான்..."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவன் படத்தின் ஓரத்தை விரலால் நீவினான். திட்டப் போகிறான். திட்டட்டும்... அதற்குத்தானே ஏறினாள்.

"காலு ரெண்டையும் வெட்டிட்டு வேற கால் செஞ்சிருக்கலாம்ங்க," என்றான்.

"என்னது?"

"ரெண்டு நாள் வேலை. புதன்கெழமை முடியாட்டி வெள்ளிக்கெழமை வரேன்னு பெங்களூருக்கு ஒரு போன். அவ்வளவுதான். பேத்தா ஒடஞ்சிரும்னு உங்ககிட்ட சொன்னேன்ல... அது பொய்."

சிந்து கையை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"எனக்கும் போக மனசில்ல. அத ஒத்துக்க ரோசம். சிமெண்ட்டு மேல பழியப் போட்டுட்டு, நீங்க வந்து சொல்லுவீங்கன்னு உக்காந்துட்டேன். யாரும் வரல. அப்புறம் இங்க இருந்து மட்டும் என்ன பண்றதுன்னு ஓமனுக்குக் கையெழுத்துப் போட்டேன்."

போன மாசம் வந்திருந்தால்... போன வாரம் வந்திருந்தால்கூட... வெளியே பருத்திக்காடு ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப கெளம்புறீங்க?"

"விசா வந்ததும். பத்து நாளு, பதினஞ்சு நாளு."

"போகாம இருக்க..."

"பாய் எனக்காக அங்க வாக்குக் குடுத்திருக்காருங்க. தங்கச்சி கல்யாணத்தையும் அத நம்பித்தான் பேசி முடிச்சிருக்கோம்." ஃபைலின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். "விமானம் இன்னும் அந்தப் பலகையிலதான் நிக்குது, பீரோ மேல. போறப்ப உங்ககிட்ட குடுத்துட்டுப் போறேன்."

"எங்கிட்டயா? வேணாம்ங்க. எனக்குப் பயமா இருக்கு. மறுபடி எதயாச்சும் பண்ணிருவேன்."

"இனிமே என்ன பண்ணினாலும் அது நகராது." இமைத் தூளுக்குக் கீழே கண்கள் நனைந்திருந்தன. "இருபத்தெட்டு நாள் கணக்கெல்லாம் நாங்க எழுதி வைக்கிறதுதாங்க. அதுக்கப்புறமும் வருசக்கணக்கா உள்ளுக்குள்ள இறுகிட்டேதான் இருக்கும். கொஞ்சம் ஈரம் மட்டும் காயாம இருக்கணும்."

அவள் வாய் கடைசியில் திறந்தது. எட்டா பத்தா என்று கேட்ட அதே வாய்.

"எனக்கு உங்களப் புடிக்கும். அந்தப் பொட்டிய ரெண்டு பேரும் சேந்து புடிச்சோமே, அப்பலேருந்து. அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்லாம எட்டு மாசத்த வீணாக்கிட்டேன். இன்னும் ரெண்டு வருசம் உக்காந்து பாக்கணும்னா பாப்பேன்... எனக்கு அதுக்குச் சம்பளம்கூட வேணாம்."

ராஜராஜன் சிரித்தான். விசாவுக்கு ஆகாத சிரிப்பு.

"டிக்கெட், டிக்கெட்!" என்று கண்டக்டர் வந்து நின்றார்.

அவன் இரண்டு விரலைக் காட்டினான்.